மோட்டார் சைக்கிளின் மினுக்கம்

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் எந்திரத்தின் வலுவையும் ஓட்டத்தின் வேகத்தையுமே பேசிச் சென்றிருக்கின்றனர். அவ்வண்டியைத் தெருவோரத்தில் நிறுத்தியவுடன் பார்ப்போர் கண்ணை முதலில் இழுப்பது அதன் மினுக்கமே என்பதை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். வெயில் பட்டாற் கண்ணைக் கூசவைக்கும் விளக்குக் கிண்ணம், முகம் பார்க்கத்தக்க புகைக்குழாய், வெள்ளிபோல ஒளிரும் எந்திர உறை ஆகிய இவை தாமாக ஒளிர்வன அல்ல. அவை வெவ்வேறு உலோகங்கள். வெவ்வேறு காலத்தில் வண்டியில் வந்து ஏறியவை. அவற்றை மினுக்குதற்கு மனிதர் கண்ட பொருள்களும் வெவ்வேறானவை. அந்த வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூறக் கருதுகின்றேன்.

வரலாறு எதற்கு, எந்தப் பொலிஷை வாங்கலாம் என்று மட்டும் சொன்னாற் போதாதா என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால், எல்லா உலோகத்துக்கும் உகந்தது என்று மேலே அச்சிடப்பட்டிருப்பதை நம்பி வாங்கிய ஒரு தகரப் பேணி, பித்தளையிலே நன்மை செய்து குரோமியத்திலே தீமை செய்துவிடலாம். எந்த உலோகம் எப்போது எவ்வாறு வந்தது என்று அறிந்தவனுக்குத் தெரிவு எளிதாகும். இதனோடு இன்னொன்றையும் முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். மெருகிடுதல் என்பது உலோகத்தை மிகச் சிறிதாகத் தேய்த்து எடுத்தலே. எடுத்தது திரும்பி வராது.

1885ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே கொட்லீப் டைம்லர் செய்த முதல் வண்டியின் சட்டகம் மரத்தாலானது. அதில் மினுக்குவதற்கு அதிகம் ஒன்றும் இருந்திராது. 1894இல் மியூனிக் நகரத்து ஹில்டபிராண்ட், வுல்ஃப்முல்லர் என்போரின் வண்டி விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகள் மோட்டார் சைக்கிளைப் பொறுத்தவரையிற் பித்தளைக் காலம் எனலாம். எண்ணெய்ப் பம்பு, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர், ஊதுகுழல், தாங்கியின் மூடி, கல்சியம் காபைட்டில் நீர் சொட்டவிட்டு எரிக்கும் அசற்றிலீன் விளக்கு என்பனவெல்லாம் பெரும்பாலும் பித்தளையாகவே இருந்தன. பித்தளை வார்ப்புக்கு எளியது, கடைச்சலுக்கு எளியது, கறள் பிடிக்காதது. ஆனால் மங்கும். செம்பும் நாகமும் கலந்த அவ்வுலோகம் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் கந்தக ஆவியோடும் சேர்ந்து சில நாளிற் பழுப்பாகும். மழை பட்டால் அடுத்த நாளே கறுக்கும்.

நம்மவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் குத்துவிளக்கைப் பழப்புளியும் சாம்பலும் கொண்டு துலக்கிய வீடுகளிலேதான் நாம் வளர்ந்தோம். அந்தத் துலக்கலில் இரண்டு வேலைகள் ஒருங்கே நிகழ்கின்றன. புளியிலுள்ள அமிலம் மங்கிய ஒட்சைட்டுப் படையைக் கரைக்கிறது. சாம்பலோ செங்கட்டித் தூளோ அதனை உரசி எடுக்கிறது. கரைத்தல் ஒன்று, உரசல் ஒன்று. உலகத்தின் எந்த உலோகப் பொலிஷைத் திறந்து ஆராய்ந்தாலும் இவ்விரண்டில் ஒன்றோ, இரண்டுமோதான் இருக்கும். இங்கிலாந்தின் வீடுகளிலே நம் செங்கட்டித் தூளின் இடத்தில், சொமர்செற் பகுதியின் பிறிட்ஜ்வாட்டர் ஊரில் ஆற்று வண்டலைச் சுட்டுச் செய்த கட்டியைத் தூளாக்கிப் பயன்படுத்தினர் என்பதையும் நினைக்கையில், அடுக்களைகள் எங்கும் ஒன்றுபோலத்தான் சிந்தித்தன என்று தோன்றுகிறது.

இந்த அடுக்களைக் கலை தொழிற்சாலைப் பண்டமானது 1905ஆம் ஆண்டளவில். இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலே சலவை நீலமும் கஞ்சிமாவும் செய்து பெயர்பெற்ற றெக்கிற் நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றிருந்தபோது, அங்கு திரவ வடிவிலே விற்கப்பட்ட உலோகப் பொலிஷ் ஒன்றைக் கண்டார். அதன் மாதிரி ஹல் நகரத்து இரசாயனரால் ஆராயப்பட்டு, பிராசோ என்னும் பெயரிற் புதிய பொலிஷ் பிறந்தது. முதலில் இதனை வாங்கியோர் புகையிரதக் கம்பனிகளும் மருத்துவமனைகளும் விடுதிகளுமே. பித்தளைக் கைபிடிகள் அங்கேதான் மிகுதி. வீட்டுக்கும் வண்டிக் கொட்டிலுக்கும் அது பின்னர் வந்து சேர்ந்தது. அதனுள்ளே இருப்பன எளிய பொருள்களே. மெல்லிய கனியெண்ணெய் ஒன்று; அதில் மிதக்கும் நுண்ணிய தூள்; தூள் அடியிற் படிந்துவிடாமற் பிடித்து வைக்கும் சவர்க்காரம்; இவற்றோடு அமோனியா. நம் புளி செய்த கரைத்தலை இங்கே அமோனியா செய்கிறது. செம்பின் ஒட்சைட்டு அமோனியாவிற் கரையும்.

இந்த அமோனியாவைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு, கதையெனினும் உண்மை. பிரித்தானியர் ஆட்சிக் காலத்து இந்தியாவிலே, படையினர் துப்பாக்கி வெடிகளைக் குதிரை லாயங்களிற் சேமித்து வைத்தனர். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது பித்தளைக் கூடுகள் பல எவரும் தொடாமலே வெடித்துக் கீறியிருந்தன. பருவத்தோடு வந்த கீறலாதலின் அதற்குப் பருவ வெடிப்பு என்னும் கருத்தில் ஒரு பெயரும் இட்டனர். காரணம் தெளிவானது 1921ஆம் ஆண்டிலேதான். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, மழைக்காலத்து ஈரத்தோடு சேர்ந்து, அழுத்தி இழுத்து உருவாக்கப்பட்ட பித்தளையின் உள்ளிறுக்கத்தைப் பற்றிக்கொண்டு அதனைப் பிளந்தது. ஆராய்ந்தவர்கள் அதற்கு மாற்றும் கண்டனர்: கூடுகளை அளவாகச் சூடாக்கி உள்ளிறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் வெடிப்பதில்லை.

இதனைக் கூறுவது பிராசோவைக் கண்டு அஞ்சுதற்கன்று. துடைத்து எடுத்துவிட்டால் அது தடித்த பித்தளைக்குத் தீங்கு செய்யாது. ஆனால் விளக்கின் விளிம்பு மடிப்பிலும் மரைகளின் இடுக்கிலும் வெள்ளைப் பொடியாக உறைந்து நிற்கும் மிச்சத்தைப் பலர் கவனிப்பதேயில்லை. ஈரத்தை ஈர்த்துவைக்கும் இம்மிச்சத்தை மென்மையான பற்தூரிகையால் எடுத்துவிடல் வேண்டும். அரும்பொருட்சாலைகளிலே பழம்பொருள் காப்போர் அமோனியா சேர்ந்த பொலிஷைப் பித்தளைக்கு விரும்புவதில்லை. நூறாண்டு பழைய விளக்கொன்று கைக்கு வந்தால் நாமும் அவர்களைப் பின்பற்றுவது நன்று.

உரசினால் ஏன் பளபளப்பு உண்டாகிறது? எளிதாகத் தோன்றும் இக்கேள்வி பெரிய அறிஞர்களை முந்நூறு ஆண்டுகளாக அலைக்கழித்தது. ஐசக் நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலே, மெருகிடுதல் என்பது பெரிய கீறலைச் சிறிய கீறலாக்கி, அதனை இன்னுஞ் சிறியதாக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கொண்டு செல்வதே என்னும் கருத்தைக் கூறினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜோர்ஜ் பீல்பி என்பார் அதனை மறுத்தார். உரசலில் உலோகத்தின் மேற்படை நீர்போல ஓடிப் பள்ளங்களை நிரப்புகிறது என்பது அவர் கொள்கை. 1937இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து பௌடனும் ஹியூசும் அதற்கு ஆதரவாக விந்தையான சோதனைகளைச் செய்தனர். அவற்றுள் ஒன்று கர்ப்பூரத்தைப் பற்றியது. கர்ப்பூரம் சுமார் 178 பாகை வெப்பத்தில் உருகுவது. எழுபது பாகையளவில் உருகும் மெதுவான கலப்புலோகம் ஒன்றை அவர்கள் கர்ப்பூரத்தால் மெருகேற்றிக் காட்டினர். கர்ப்பூரத்தினும் உயர்ந்த வெப்பத்தில் உருகும் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அது அசைக்கவில்லை. ஆகவே, தேய்க்கும் பொருளின் கடினத்தைவிட அதன் உருகுநிலையே முக்கியம் என்றனர். கேட்பதற்கு இனிய கொள்கை. ஆயினும் நூற்றாண்டின் பிற்பாதியில், ஆஸ்திரேலியரான சாமுவெல்ஸ் முதலியோர் நுணுக்குக்காட்டிகளின் துணையோடு ஆராய்ந்து, உலோகத்தை மெருகிடுகையில் நிகழ்வது பெரும்பாலும் மிக நுண்ணிய வெட்டுதலே என்று காட்டினர். நியூட்டன் நின்ற இடத்துக்கே அறிவியல் சுற்றி வந்து சேர்ந்தது.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், பொலிஷின் உயிர் அதன் தூளிலே இருக்கிறது. சுண்ணாம்புத் தூள் மிக மென்மையானது. கம்மாளர் பொன்னுக்கு இடும் செந்தூள் இரும்பின் ஒட்சைட்டு, அது நடுத்தரம். சிலிக்கா அதனினும் கடியது. அலுமினியத்தின் ஒட்சைட்டு யாவற்றினும் கடியது. கிரேக்க நாட்டு நக்சோஸ் தீவின் குருந்தக் கல்லிலே இருப்பதும் அதுவே. எந்தத் தூள், எவ்வளவு நுண்மை என்னும் இரண்டையும் எந்த உலோகத்தின் மேல் என்பதோடு பொருத்திப் பார்ப்பதே தெரிவு.

பித்தளைக்குப் பின் வந்தது நிக்கல். நிக்கல் முலாமிடும் தொழில் அமெரிக்காவிலே பொஸ்டன் நகரத்து ஐசக் அடம்ஸ் 1869இற் பெற்ற காப்புரிமையோடு வளர்ந்தது. மோட்டார் சைக்கிளின் கைபிடித் தண்டும் புகைக்குழாயும் விளக்கும் முதல் உலக யுத்தத்துக்கு முன்னும் பின்னும் நிக்கல் முலாம் பெற்றன. நிக்கலின் ஒளி சற்றே மஞ்சட் சாயல் கலந்தது. அந்தி வெயில்போல இதமானது. பழைய வண்டிகளை விரும்புவோர் குரோமியத்தினும் அதனையே அழகென்பர். என் கருத்தும் அதுவே.

நிக்கலின் புகழை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் நொட்டிங்ஹாம் நகரத்து ஜோர்ஜ் பிரௌ. அவர் தொடங்கிய பிரௌ சுப்பீரியர் நிறுவனம் 1919 முதல் 1940 வரை ஏறத்தாழ 3,000 வண்டிகளையே செய்தது. வட்டமான மூக்கோடு நிக்கல் முலாமிட்டு ஒளிர்ந்த பெற்றோல் தாங்கி அவற்றின் அடையாளம். அராபியப் பாலைவனத்துப் போரிலே பெயர்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் ஏழு பிரௌ வண்டிகளை அடுத்தடுத்து வைத்திருந்தார். எட்டாவது செய்யப்பட்டுக்கொண்டிருக்கையில், 1935ஆம் ஆண்டு மே மாதம், ஏழாவதிலிருந்து வீழ்ந்து இறந்தார்.

அத்தகைய வண்டியைப் பேணுதல் எளிதன்று. நிக்கலும் ஈரக்காற்றில் மங்கும். வாரந்தோறும் துடைத்தல் வேண்டும். துடைக்குந்தோறும் அதன் படை குறையும். முதலில் விளிம்புகளிலும் மூலைகளிலும் அடியிலுள்ள செம்போ பித்தளையோ எட்டிப் பார்க்கும். ஆகவே நிக்கலுக்கு வெள்ளிக்கு இடும் மென்மையான பொலிஷே போதும். அதனையும் மங்கிய பின்னர் இடுவதன்றி வழக்கமாக இடல் ஆகாது.

குரோமியத்தின் வரவு இவ்வாரத் தொண்டிலிருந்து உரிமையாளரை விடுவித்தது. பிரெஞ்சு இரசாயனரான வோக்கலின் 1797இலே சைபீரியாவிலிருந்து வந்த செந்நிற ஈயத் தாதுவொன்றில் இவ்வுலோகத்தைக் கண்டார். அதன் சேர்வைகள் பல நிறங்காட்டியமையின் நிறம் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லாற் பெயரிட்டனர். நூறாண்டுக்கு மேலாகியும் அதனை ஒழுங்காக முலாமிடத் தெரிந்தவர் இலர். நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலே கொலின் ஃபிங்க் என்பாரும் அவர் உதவியாளரும் 1920களின் நடுப்பகுதியிற் செய்த ஆராய்ச்சியே அதனைத் தொழிலாக்கியது. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிக்கலிலிருந்து குரோமியத்துக்கு மாறின. 1937ஆம் ஆண்டுக்கென எட்வேட் ரேணர் வடிவமைத்த ட்ரயம்ப் ஸ்பீட் ட்வின் வண்டி, செந்நிறமும் குரோமியமும் கலந்த தாங்கியோடு வெளிவந்தபோது, பளபளப்பு ஓர் அலங்காரம் என்னும் நிலை கடந்து விற்பனையின் பாதி வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிட்டது.

இங்கே நேயர்கள் ஒரு நுட்பத்தைக் கூர்ந்து கேட்டல் வேண்டும். குரோமிய முலாம் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் நிக்கல் முலாமே. உருக்கின் மேல் நிக்கல் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒன்று முதல் மூன்று பங்கு கனத்துக்கு இடப்படுகிறது. சிலவேளை அதற்கும் அடியிற் செம்பு உண்டு. அந்த நிக்கலின் மேல் வரும் குரோமியமோ மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் மூன்று பங்கு அளவினது; தலைமயிரின் கனத்தில் இருநூறில் ஒரு பங்கு எனலாம். நாம் காணும் பளபளப்பு அடியிலே மெருகிட்ட நிக்கல் தந்தது. மேலேயுள்ள குரோமியம் அது மங்காமற் காக்கும் கண்ணாடிபோன்ற மூடியே. தன் மேல் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஒட்சைட்டுப் படலத்தால் அது காற்றுக்கு அசைவதில்லை. மங்காத பொருளை மெருகிடுவானேன்? நல்ல குரோமியத்துக்கு வேண்டியது நன்னீரும் சவர்க்காரமும் மெல்லிய சீலையுமே.

எமது ஊரிலே என் இளமைக் காலத்தில் ஒருவர் பழைய பி.எஸ்.ஏ. வண்டி ஒன்று வைத்திருந்தார். வண்டி என்றால் அவருக்கு உயிர். ஞாயிறுதோறும் சட்டி துலக்கும் வெண்தூளை ஈரச் சீலையில் எடுத்து விளக்குக் கிண்ணத்தையும் சக்கர விளிம்பையும் தேய்ப்பார். இரண்டொரு ஆண்டிற் கிண்ணத்தின் நெற்றி மஞ்சளித்தது. பழுப்பு ஏறிவிட்டதென்று இன்னும் அழுத்தித் தேய்த்தார். மஞ்சளித்தது பழுப்பால் அன்று. குரோமியம் போய் நிக்கல் தெரிந்தமையால். பின்னர் நிக்கலும் போயிற்று. கடலிலிருந்து அரை மைலிலே இருந்த வீடு. அடுத்த வாடைக்காற்றோடு கறள் ஏறியது.

குரோமியத்திற் கறட்புள்ளி தோன்றுவது குரோமியம் துருப்பிடிப்பதால் அன்று. அந்த மெல்லிய படையிலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் துளைகளும் உண்டு. உப்பீரம் அவற்றின் வழியே நிக்கலைத் துளைத்து இறங்கி உருக்கை அடைகிறது. அங்கே உண்டாகும் கறள் மேலே வழிகிறது. புள்ளிகள் சிலவாயின், இனிப்புச் சுற்றிவரும் அலுமினியத் தாளைச் சுருட்டி நீரில் நனைத்து மெதுவாக உரசினால் அவை நீங்கும். அலுமினியம் குரோமியத்தினும் மிக மெதுவானதாதலின் கீறல் விழாது. அதன் பின்னர் மெழுகு இட்டுத் துளைகளை அடைத்தல் வேண்டும். ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து குழாயில் அடைத்துவரும் ஓட்டோசோல் போன்ற பசைகளும் இதற்கு உதவுவனவே. ஆனால் அவற்றின் தூள் அலுமினிய ஒட்சைட்டு, குரோமியத்தினும் கடியது. ஆகவே கறளுக்கும் கறைக்கும் மருந்தாக ஆண்டில் ஒரு முறையோ இரு முறையோ இடலாம். வாராந்த உணவாக்கல் ஆகாது. புகைக்குழாய் எந்திரத்தோடு சேருமிடத்தில் நீலம் பாரித்தல் வேறு சங்கதி. அது சூட்டினால் உண்டாகும் படலம். தேய்த்து எடுத்தாலும், எரிபொருட் கலவையையும் பொறியிடும் நேரத்தையும் சீர்செய்யாதவரையில் மீண்டும் வரும்.

இந்த ஒளியின் மறுபக்கத்தையும் சொல்லாது செல்லல் நேர்மையன்று. மெருகுக் கூடத்தில் நாள்முழுதும் சுழலும் சக்கரத்தின் முன் நின்றவர்கள் தூளைச் சுவாசித்தனர். சிலிக்கா கலந்த தூள் நுரையீரலைக் கல்லாக்கும் என்பதை ஷெஃபீல்ட் நகரத்துக் கத்தி தீட்டுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தம் உயிரைக் கொடுத்து உலகுக்கு அறிவித்திருந்தனர். குரோமியத் தொட்டியோ அதனினும் கொடியது. முலாமிடுகையில் எழும் குமிழிகள் குரோமிக் அமிலத்தைப் பனிபோலத் தூவும். அதனைச் சுவாசித்தோரின் மூக்கின் நடுத்தண்டு துளைபட்டது. கைகளில் ஆறாப் புண் உண்டாயிற்று. தொழில் பரவிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1931இல், பிரித்தானிய அரசு குரோமிய முலாம் தொழிலுக்கெனத் தனி விதிகள் இயற்றி, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பையும் தொழிலாளர்க்கு மருத்துவக் கண்காணிப்பையும் கட்டாயமாக்கியது. நுரையீரற் புற்றுநோய்க்கும் அச்சேர்வைகள் காரணமாவது பின்னர் உறுதியாயிற்று. 2017 செப்டெம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலே சிறப்பு அநுமதியின்றிக் குரோமியம் மூவொட்சைட்டைப் பயன்படுத்தல் இயலாது. நஞ்சு குறைந்த வேறு குரோமியச் சேர்வைகளாலும் இன்று முலாமிடுகின்றனர். இனிப் பழைய பாகமொன்றைத் தேய்த்து அழித்துவிட்டு மீண்டும் முலாமிட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுவோர், அத்தொழிற்கூடங்கள் அருகி வருவதையும், அங்கு நிற்பவனின் மூச்சையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

யுத்தமும் மினுக்கத்தின் வரலாற்றிற் பங்கு கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்திற் பி.எஸ்.ஏ. நிறுவனம் படைக்கு அளித்த எம். 20 வண்டிகள் 126,000 எனக் கணக்கிடுவர். அவற்றில் ஒளிர்வதற்கு ஒன்றுமில்லை. தலை முதல் அடி வரை மங்கல் நிறம். பளபளப்பு எதிரியின் விமானத்துக்கு வழிகாட்டுமாதலின் அழகே அங்கு ஆபத்தாயிற்று. யுத்தம் முடிந்து குரோமியம் மீண்டும் வந்தது. 1950இற் கொரியாவிலே போர் மூண்டவுடன் நிக்கல் ஆயுதத் தொழிலுக்கு இழுக்கப்பட்டது. ஆதலால் 1952ஆம் ஆண்டு மாதிரிகள் பலவற்றிலே சக்கர விளிம்பு முதலியன குரோமியமின்றி வண்ணமிட்டே வந்தன. அவ்வாண்டு வண்டி ஒன்றை வாங்கி, உண்மை நிலைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி எல்லாவற்றையும் குரோமியமாக்கி மினுக்குவோர் தம்மை அறியாமலே வரலாற்றைத் திருத்துகின்றனர்.

பிரித்தானிய வண்டிகளின் மரபு நம் அயலிலேயே வேர்கொண்டதையும் குறிப்பிடல் தகும். றோயல் என்ஃபீல்ட் புல்லட் 1955 முதல் சென்னையிலே, திருவொற்றியூரிற் பொருத்தப்படலாயிற்று. இங்கிலாந்திலே அந்நிறுவனத்தின் தொழில் 1970இல் முடிந்த பின்னரும் சென்னையில் அது நிற்கவில்லை. குரோமியத் தாங்கியும் மெருகிட்ட அலுமினிய உறையும் அவ்வண்டியின் முகவரியாக நிலைத்தன.

அலுமினியத்தைப் பற்றிச் சொல்வதானால் அதுவே இன்று பெரும்பாலோர்க்குத் தலைவலி. 1886இல் அமெரிக்கரான ஹோலும் பிரெஞ்சுக்காரரான எறூவும் தனித்தனியே கண்ட மின்முறையால் மலிவான அவ்வுலோகம், எந்திர உறைகளுக்கு ஏற்றதாயிற்று. அதன் மேல் முலாம் இல்லை. மெருகிட்ட உலோகமே வெளியில் நிற்கிறது. உப்புக்காற்றில் வெண்பொடி பூக்கும். இங்கேதான் பொலிஷுக்கு உண்மையான வேலை உண்டு. தேய்ப்பதற்குக் கனமும் உண்டு. அலுமினியத்துக்கென்றே செய்த நுண்ணிய பசையைச் சிறிது சிறிதாக இட்டு, பருத்திச் சீலையால் ஒரே போக்கில் உரசல் வேண்டும். சோடாக்காரம் முதலிய வலிய காரங்கள் கிட்டவும் வரலாகாது. அவை அலுமினியத்தை உண்ணும். தேசிக்காயும் உப்பும் சேர்ந்த வீட்டு மருந்தும் இங்கே வேண்டா.

பொலிஷ் இட்ட சீலை கறுப்பாயின் அஞ்சற்க. வெறும் அலுமினியம் எப்போதும் சீலையைக் கறுப்பாக்கும். சீலை கறுக்கவில்லையாயின் நாம் தேய்ப்பது அலுமினியமன்று. ஜப்பானிய வண்டிகள், சிறப்பாக 1960களிலும் 1970களிலும் வந்த ஹொண்டா முதலியன, அலுமினிய உறையின் மேல் நிறமற்ற வார்னிஷ் படையொன்றைப் பெற்றிருந்தன. அதன் மேல் எத்துணை விலையுயர்ந்த பொலிஷை இட்டாலும் பயன் இல்லை. மங்கலுக்குக் காரணம் வார்னிஷின் கீழே ஊர்ந்த ஈரம். வார்னிஷை முழுதும் நீக்கிவிட்டு உலோகத்தை மெருகிடல் வேண்டும், அல்லது அவ்வாறே விட்டுவிடல் வேண்டும். நிறமேற்றி மின்முறையில் ஒட்சைட்டுப் படை வளர்த்த அலுமினியப் பாகங்களுக்கும், இக்காலத்து மங்கல் வண்ண வண்டிகளுக்கும் உரசும் பொலிஷ் எதுவும் ஆகாது. மங்கல் வண்ணத்தை மெருகிட்டால் அங்கங்கே திட்டுத்திட்டாக ஒளிர்ந்து அழகைக் கெடுக்கும்.

1913இலே ஷெஃபீல்டின் ஹறி பிறியேளி உருவாக்கிய கறையில் உருக்கு, இன்று பல வண்டிகளின் புகைக்குழாயாகிவிட்டது. குரோமியத்தை மேலே பூசாமல் உருக்கினுள்ளேயே கலந்தமையின், தேய்த்தாலும் அடியில் வேறொன்று வெளிப்படாது. சாதாரண உருக்குக் கம்பளியால் மட்டும் அதனைத் தேய்த்தல் ஆகாது. கம்பளியின் துணுக்குகள் பதிந்து தாமே கறள் பிடித்து, கறையில்லாததற்குக் கறை உண்டாக்கிவிடும்.

நம் நாட்டிலே கரையோரத்து வண்டிகளுக்குப் பொலிஷைவிட நன்னீரே முதல் மருந்து. கடற்காற்றின் உப்பு நீரிற் கரைந்து போகும். உலர்ந்த சீலையாற் துடைத்தாலோ மணலோடும் உப்போடும் சேர்த்து உலோகத்தைக் கீறியவாறாகும். கழுவி உலர்த்திய பின் மெல்லிய மெழுகு பூசுதல் வாடைக்காலத்துக்குப் போதிய காப்பு. 1950களிலே பிரித்தானிய அரும்பொருட்சாலையின் ஆய்வுகூடத்திற் பழம்பொருள்களைக் காத்தற்கென உருவாக்கிய நுண்பளிங்கு மெழுகு, இன்று பழைய மோட்டார் சைக்கிள்களைப் பேணுவோர் கையிலும் இருக்கிறது. பித்தளைக்கு ஒரு சீலை, அலுமினியத்துக்கு வேறு சீலை, குரோமியத்துக்கு மூன்றாவது எனப் பிரித்து வைத்தலும் நன்று. ஒன்றிற் படிந்த கடிய தூள் மற்றொன்றைக் கீறும்.

இறுதியாக ஓரிடம். எந்திர உறையின் பக்கத்திலே எந்திர இலக்கம் அடித்திருக்கும் சிறு தட்டையான பரப்பு உண்டு. ட்ரயம்ப் நிறுவனம் 1960களின் இறுதியிலிருந்து அப்பரப்பிலே தன் பெயரை மிகச் சிறிய எழுத்தில் நிரையாகப் பதித்து, அதன் மேல் இலக்கத்தை அடித்தது. எவரேனும் இலக்கத்தை அராவி மாற்றினால் அச்சிறு எழுத்துகளும் அழிந்து குட்டு வெளிப்படும். திருட்டைப் பிடிப்பதற்கு இட்ட இப்பதிவைப் பொலிஷும் உருண்டோடும் சக்கரமும் சேர்ந்து அழித்துவிட்ட வண்டிகள் பல உண்டு. கைமாற்றும் வேளையிலே இலக்கத்தைப் பார்க்கும் அலுவலர்க்கு, அராவியது எது, ஆசையோடு மினுக்கியது எது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே அந்தப் பரப்புக்கு எந்தப் பொலிஷும் வேண்டா. எண்ணெய் தொட்ட சீலையால் ஒருமுறை ஒற்றியெடுத்தாற் போதும்.